மேல்மாடி ஜன்னல்

1961 ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், பிலடெல்பியா நகரத்துக்கு ஆராய்ச்சி மாணவனாகப் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், வாடகைக்கு அறை தேடி ஒரு வீட்டு வாசலில் போய் நின்ற என்னைப் பார்த்து, "அறை காலியில்லை" என்று சொன்ன மனிதர், இரண்டு நிமிஷம் கழித்து, அதே வாசலில் நின்றபடியே, "அறை இருக்கிறது, உள்ளே வாருங்கள்" என்றார். இடையே நடந்ததெல்லாம் இவ்வளவுதான்: காலையில் டெலிபோனில் கேட்டபோது காலியாக இருப்பதாகச் சொன்னீர்களே என்றேன், என் உச்சரிப்பை அப்போதுதான் கவனித்தவர் போல, எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா, சென்னைப் பக்கம் என்றேன். "அதை முதலிலேயே சொல்லக்கூடாதா?" என்று அவர் சிரித்த சிரிப்பில், ஒரு சிறு தவறைச் சமயத்தில் திருத்திக்கொண்டவரின் நிம்மதி இருந்தது. நானும் சிரித்தேன். ஒரு வார வாடகையை முன்பணமாகக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு எனக்கு அவமானத்தால் உறக்கம் வரவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் நான் நன்றாகவே உறங்கினேன். அந்த நகரத்துக் கறுப்பர்களில் என்னைவிடச் சிவந்த மேனியுடையவர்கள் எத்தனையோ பேர். அப்படியிருந்தும், அவர்களுக்குச் சாத்திய கதவு எனக்குத் திறந்ததில், ஏதோ என் யோக்கியதைக்குக் கிடைத்த மரியாதை என்ற எண்ணமே என் மனத்தில் இருந்தது. அந்நாளில் அமெரிக்கா சென்ற நம்மவரிடையே, தெற்கு மாகாணங்களில் பிரயாணம் செய்யும்போது தலைப்பாகை கட்டிக்கொண்டு போவது க்ஷேமம் என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லும் வழக்கம் உண்டு. பிறந்ததிலிருந்து தலைப்பாகையையே கண்டறியாத கும்பகோணத்துத் தலைகளுக்கும் இந்த யோசனை சொல்லப்பட்டது. 'நீக்ரோ' என்பது அப்போது கறுப்பர்களும் பிறரும் வழங்கிய சொல். அதை அவர்களே பின்னால் விலக்கிவிட்டபடியால் நானும் இங்கே விலக்குகிறேன். அந்தச் சொல் நம்மைக் குறிக்காது என்று நிரூபிப்பதற்கு வேண்டிய சாட்சியாகத்தான் தலைப்பாகை இருந்தது.

அந்த அறையில் நாலு மாதம் இருந்தேன். அதே வீட்டில் எனக்கு ஒரு மாதம் முன்னால் போய்க் கேட்டுத் திரும்பியவர் ஒருவர், நூலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து படிக்கும் கறுப்பு மாணவர் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு நாவெழவில்லை. அறையை விட்டுவிட்டேன் என்று சொல்வதைவிட, அந்த மேஜையை விட்டு ஓடினேன் என்று சொல்வதே பொருந்தும். நூலகத்தில் வேலை பார்த்த குவேக்கர் மதத்து அம்மாள் ஒருவர், தமக்குத் தெரிந்த ஒரு விதவையின் வீட்டு மேல்மாடியில் அறை ஒன்று இருப்பதாகச் சொன்னார். அப்படித்தான் 1962 ஆம் வருஷம் ஜனவரி மாதத்துப் பனியில், ஒரு டிரங்குப் பெட்டியுடன் வெஸ்ட் மவுண்ட் ஏரிக்கு நான் போய்ச் சேர்ந்தது.

நகரத்தின் வடமேற்கே, விஸ்ஸஹிக்கன் ஓடையின் மரஞ்செறிந்த பள்ளத்தாக்கை ஒட்டி, மேடும் சரிவுமாக அமைந்த பேட்டை அது. அங்குள்ள வீடுகளெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வெட்டியெடுத்த சாம்பல் நிறக் கல்லால் கட்டியவை. கல்லுக்குள் அப்பிரகத் துகள் இருப்பதால், மழை விட்டு வெயில் அடித்தால் சுவர்கள் மினுமினுக்கும். அந்நாளில் ஜெர்மன்டவுன் அவென்யூவில் கல் பாவிய தெருவின்மேல் 23 ஆம் நம்பர் டிராம் வண்டி கடகடத்துக்கொண்டு போகும். அதே சாலையில் சற்றுத் தெற்கே, ஜெர்மன்டவுனில், 1688 இல் நாலு பேர் கூடி, மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது தகாது என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு எதிராக எழுந்த முதல் எழுத்து மூலமான ஆட்சேபம் அதுதான் என்று அந்தப் பக்கத்தார் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாளும் குவேக்கர்தான். ஆனால் இந்தப் பெருமையை அவர் முழுமனதாக அங்கீகரிக்கமாட்டார். அந்த விண்ணப்பத்தைச் சபையார் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு என்று மேலே மேலே அனுப்பி, கடைசியில் விஷயம் மிகவும் கனமானது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அடிமைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பிலடெல்பியாக் குவேக்கர் சபை தன் அங்கத்தினருக்கு விதித்தது 1776 இல். "எண்பத்தெட்டு வருஷம் எங்களுக்கு யோசிக்க வேண்டியிருந்தது" என்பார் அந்த அம்மாள், தேநீர்க் கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

நான் போன சமயத்தில் அந்தப் பேட்டையில் ஒரு விசித்திரமான யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தம் என்றால் கல்லெறியும் தீவைப்பும் அல்ல. அதெல்லாம் அங்கிருந்து அதிக தூரமில்லாத லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற கறுப்புத் தம்பதிகள் ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தபோது நடந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் இரவுதோறும் திரண்டு வந்து கூச்சலிட்டு ஜன்னலை உடைத்தார்கள். அந்தத் தம்பதிகளுக்கு ஆதரவாக நின்ற பக்கத்து வீட்டாரின் சுவரில் கூ க்ளக்ஸ் கிளான் எழுத்துக்களைத் தீட்டிவிட்டுப் போனார்கள். மவுண்ட் ஏரியில் நடந்தது சத்தமில்லாத யுத்தம். அதில் ஒரு பக்கத்துக்கு ஆயுதம் வதந்தி. மறு பக்கத்துக்கு ஆயுதம் டெலிபோன்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வியாபாரம் தெரிய வேண்டும். கறுப்பர்களுக்கு இந்த வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று கிரயப் பத்திரத்திலேயே ஷரத்து எழுதும் வழக்கம் அந்நாட்டில் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட ஷரத்தை நீதிமன்றங்கள் அமல் நடத்தக் கூடாது என்று 1948 இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிறகும், அதன் காரியத்தைப் பணம் செய்துகொண்டிருந்தது. 1930களில் சர்க்கார் ஸ்தாபனமே நகரங்களின் படங்களைத் தயாரித்து, கறுப்பர்கள் வசிக்கும் பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசி, அங்கே கடன் கொடுப்பது அபாயம் என்று குறித்திருந்தது. சிவப்பு விழுந்த இடத்தில் வங்கிக் கடன் கிடையாது. கடன் இல்லாத இடத்தில் விலை விழும். விலை விழுந்ததைக் காட்டி, பார்த்தீர்களா, கறுப்பர் வந்தால் விலை விழுகிறது என்பார்கள். இந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிழைத்தவர்கள் வீட்டுத் தரகர்கள். ஒரு தெருவில் முதல் வீட்டை எப்படியாவது ஒரு கறுப்புக் குடும்பத்துக்கு முடித்து வைப்பார்கள். மறுநாளே அக்கம்பக்கத்து வெள்ளையர் வீட்டு மணிகளை அடித்து, "விஷயம் கேள்விப்பட்டீர்களா? இன்று விற்றால் இந்த விலை, அடுத்த வருஷம் பாதிகூடத் தேறாது" என்று காதோடு சொல்வார்கள். சில ஊர்களில் ஒரு கறுப்புப் பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடக்கச் செய்வதும் உண்டாம். பயந்தவர்களிடம் சகாயத்துக்கு வாங்கி, வேறு எங்கும் வீடு கிடைக்காத கறுப்பர்களிடம் அதிக விலைக்கு விற்பதில் இரு பக்கமும் லாபம். இரண்டு வருஷத்தில் தெரு முழுதும் கைமாறிவிடும். அத்தனை பேரும் தங்கள் சொந்த புத்தியால்தான் வீட்டை விற்றதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மவுண்ட் ஏரிக்காரர்கள் இதைக் கொஞ்சம் முன்னதாகவே கண்டுகொண்டார்கள். 1950களின் நடுவில் அங்கிருந்த ஜெர்மன்டவுன் யூத மையமும் சில கிறிஸ்தவ சபைகளும், ஞாயிறு சனிக் கிழமைகளில் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்காதவை, வீடு விற்கும் விஷயத்தில் ஒன்றுகூடின. மையத்தின் ரபை இலையாஸ் சார்ரி இதில் முன்நின்றவர்களில் ஒருவர். 1959 இல் 'வெஸ்ட் மவுண்ட் ஏரி நெய்பர்ஸ்' என்ற பெயரில் அண்டை அயலார் சங்கம் ஒன்று பிறந்தது. அதில் வெள்ளையரும் கறுப்பரும் அங்கத்தினர். அமெரிக்காவிலேயே பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்புப் பெண்மணியான சேடி அலெக்சாண்டர், நான் படித்துக்கொண்டிருந்த அதே பல்கலைக்கழகத்தில் 1921 இல் அதைப் பெற்றவர், அந்தப் பேட்டையில்தான் குடியிருந்தார். இவ்வளவு பெரிய மனிதர்கள் வசிக்கும் இடத்துச் சங்கம், சகோதரத்துவத்தைப் பற்றி உபந்நியாசங்கள் நடத்திக்கொண்டிருக்கும் என்று எண்ணித்தான் நானும் முதல் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒன்றரை மணி நேரம் குப்பைத் தொட்டியைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பேசினார்கள். ஹென்றி பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று கணக்குப் பார்த்தார்கள். கடைசியில், வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையை நாட்டாமல் வீட்டை விற்கும்படி யார் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எனக்குத் துண்டுப் பிரசுரங்களை மூன்றாக மடிக்கும் வேலை கொடுத்தார்கள். அதை இரண்டு வருஷத்துக்கு மேல் செய்தேன்.

பலகை ஏன் கூடாது என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. ஒரு தெருவில் ஒரே வாரத்தில் மூன்று பலகை முளைத்தால் நாலாவது வீட்டுக்காரனுக்கு இரவில் தூக்கம் போய்விடும் என்று வீட்டுக்கார அம்மாள் விளக்கினார். அவர் வீட்டுக் கூடத்தில் டெலிபோனுக்குப் பக்கத்துச் சுவரில், பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு நம்பர் ஜாபிதாவை ஒட்டியிருந்தார். எந்த வீடு விலையாகிவிட்டது என்று யார் சொன்னாலும், உடனே அந்த வீட்டாரையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, கேட்ட உண்மையை ஜாபிதாவில் தமக்கு அடுத்த இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டும்; அவர்கள் தலைக்கு இரண்டு பேருக்குச் சொல்வார்கள். மணியடித்துப் பயங்காட்டும் தரகர் இன்னார் என்று தெரிந்தால், பெயரையும் தேதியையும் எழுதி, 1951 ஆம் வருஷத்து நகர சாசனத்தின்படி ஏற்பட்ட மனித உறவுகள் கமிஷனுக்கு அனுப்ப வேண்டும். சங்கத்தின் முழு தத்துவமும் இந்த ஜாபிதாவில் அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

1962 அக்டோபரில் ஒரு நாள் மாலை, அம்மாள் கடைக்குப் போயிருந்தபோது, வாசல் மணி அடித்தது. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். நேர்த்தியாக உடுத்திய ஒருவர், கையில் தோல் பை, தொப்பியைக் கழற்றப் போனவர், என்னைக் கண்டதும் கழற்றாமலே நிறுத்திக்கொண்டார். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லையென்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இங்கே வேலை செய்கிறாயா, குடியிருக்கிறாயா?" என்றார். குடியிருக்கிறேன் என்றேன். அந்த வினாடியில், எந்த ஊர் என்று இவரும் கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று என் நாக்கின் நுனியில் இந்தியா வந்து காத்துக்கொண்டு நின்றதை நான் மறைக்கப் போவதில்லை. அவர் கேட்கவில்லை. அவருக்கு அது தேவையாயிருக்கவில்லை. என் மேல்மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இரவு வெகுநேரம் விளக்கெரியும் அந்த ஜன்னலில் என் உருவம் தெருவுக்கெல்லாம் தெரியும். திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டு, நேரே தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அடித்தார்.

அரை மணிக்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். அச்சுக்கூடம் ஒன்றில் போர்மனாக இருந்தவர், அதிகம் பேசாதவர், என்னைக் கண்டால் அரைகுறையாகத் தலையசைப்பவர். அம்மாளும் அப்போதுதான் திரும்பியிருந்தார். வந்தவர் என்னைப் பாராமலே, "வீட்டைக் கறுப்பருக்கு விற்றுவிட்டீர்களாமே, உண்மையா? இந்தத் தெருவில் இது மூன்றாவது வீடு என்று ஒருவர் சொல்கிறார்" என்று கேட்டார். கேட்கும்போதே, கோட்டுப் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த மடித்த காகிதத்தைக் கையால் உள்ளே தள்ளினார். தரகர் கொடுத்துவிட்டுப் போன விற்பனை ஒப்பந்தம் அது என்பது பிற்பாடு தெரிந்தது. அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை, தர்மோபதேசமும் செய்யவில்லை. "உட்காருங்கள்" என்று சொல்லி, என்னைக் காட்டி, "இவர் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர், பத்து மாதமாக. நான் செத்தால்தான் இந்த வீடு விலைக்கு வரும். வந்தவர் பெயர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே நூலில் தொங்கிய பென்சிலைக் கையில் எடுத்தார். அவரும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பள்ளிப்பிள்ளை போலப் பெயரைச் சொன்னார். அம்மாள் அவர் முன்னிலையிலேயே டெலிபோனைச் சுழற்றினார்.

அந்தச் சங்கிலியில் எங்களுக்கு அடுத்த கண்ணி, நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு கறுப்பர். தபால் இலாகா உத்தியோகஸ்தர். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. செய்தியைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு டெலிபோனுக்கு வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது. "மூன்று வருஷமாக நான் இருக்கிறேன், இவர்கள் பயந்துகொள்ள நான் போதாதா?" என்றாராம். மறுநாள் அவர் வீட்டுக்கு என்னைக் காப்பிக்கு அழைத்தார். என்னைக் கறுப்பராக எண்ணியதில் எனக்கு இப்போது வருத்தமேயில்லை என்று காட்டிக்கொள்ளும் உற்சாகத்தில், முதல் வீட்டு வாசலில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். அந்த வெள்ளையனை அவர் இரண்டு வார்த்தை திட்டுவார், என்னோடு சேர்ந்து வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த அறை நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.

இந்த வைபவங்களையெல்லாம் விவரித்து அப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். மனிதரில் ஏற்றத்தாழ்வு பாராட்டாத ஒரு சங்கத்தில் அவருடைய மகன் துண்டுப் பிரசுரம் மடிக்கிறான் என்ற செய்தியில் அவருக்குப் பெருமை உண்டாகும் என்பது என் கணிப்பு. கதரையே உடுத்தியவர், வைக்கம் சத்தியாக்கிரகத்தைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசுபவர். பதில் மூன்று வாரத்தில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும், பனியில் காதைக் கட்டிக்கொள்ளும்படியும் எழுதிவிட்டு, முடிவில் ஒரு வரி: 'அந்த வீட்டில் சமையல் யார் கை என்று எழுதவில்லையே?' நான் அந்தக் கடிதத்தை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இன்னாருக்கு வீடு விற்கக் கூடாது என்று எந்தப் பத்திரத்திலும் ஷரத்து இருந்ததில்லை. எழுத வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் நேர்ந்ததில்லை. எங்கள் கொல்லைச் சந்து வழியாக வந்து வேலை முடித்துப் போனவர்கள் வாசல் பக்கத்துத் தெருவைப் பார்த்ததுண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பதில் எழுதினேன். சமையல் என் கைதான் என்று. அது பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்காரர் வீட்டில் சாப்பிட்டதை எழுதவில்லை.

மவுண்ட் ஏரியைச் சொர்க்கமாக வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கல்வீடுகளை வாங்கத் திராணியுள்ள கறுப்பர்கள்தான் அங்கே அண்டை வீட்டாராக முடிந்தது. டாக்டர், வக்கீல், ஆசிரியை, சர்க்கார் உத்தியோகஸ்தர். வடக்கு பிலடெல்பியாவின் இருண்ட வரிசை வீடுகளில் எலிக்கும் குளிருக்கும் இடையே வாடகை கொடுத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு எங்கள் டெலிபோன் சங்கிலியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்களுக்காகப் பேசிய வக்கீல் செசில் மூர், மவுண்ட் ஏரிப் பக்கம் குடிபோன வசதியுள்ள கறுப்பர்களைப் பகிரங்கமாகவே ஏளனம் செய்வார். அதில் நியாயம் இருந்தது. 1964 ஆகஸ்ட் 28 ஆம் தேதி இரவு அதே வடக்கு பிலடெல்பியாவின் கொலம்பியா அவென்யூவில் கலகம் மூண்டு, மூன்று இரவுகள் கடைகள் சூறையாடப்பட்டபோது, நான் ஊர் திரும்புவதற்காக டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த அமைதியைக் கண்டு பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று சங்கத்துக் கூட்டத்திலேயே வாக்குவாதம் நடந்து, முடிவு காணாமல் கலைந்தது.

ஆயினும் ஒன்றை நான் கண்ணால் கண்டேன். அந்த எதிர்வீட்டுக்காரர் மனம் மாறி மகாத்மாவாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பனிக்காலத்தில் தபால்காரர் தம் வீட்டு நடைபாதையோடு இவர் வீட்டு நடைபாதைப் பனியையும் சேர்த்து அள்ளிப்போட்ட அன்றும், இவர் தலையசைப்பு அரைகுறையாகவே இருந்தது. சங்கத்துக் கூட்டங்களுக்கு அவர் வந்ததில்லை. கையெழுத்திடாத அந்த ஒப்பந்தத்தை அவர் கிழித்துப் போட்டாரா, பெட்டியில் வைத்திருந்தாரா, அதுவும் தெரியாது. வீட்டை விற்கவில்லை, அவ்வளவுதான். அவர் விற்காததால் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் விற்கவில்லை. நல்லவர்களை மட்டும் நம்பி அந்தச் சங்கம் நடந்திருந்தால் ஒரு வருஷம்கூட நீடித்திராது. பயந்தவர்கள் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாசல் திறந்திருந்தது. கேட்க வந்தவரை அவமதிக்காமல் உட்காரச் சொல்ல ஓர் அம்மாள் இருந்தார்.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பது குற்றம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றியது 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள். அந்தச் செய்தியைச் சென்னையில் பத்திரிகையில் படித்தேன். அந்த வருஷக் கடைசியில் அம்மாள் காலமானதாகத் தபால்காரர் எழுதினார். வீட்டை வாங்கியவர்கள் யார் என்பதை அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

1982 இல் ஒரு மாநாட்டுக்காக அந்த நகரத்துக்குப் போக நேர்ந்தபோது, ஒரு பிற்பகல் ரயிலேறி ஆலன் லேன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். கார்ப்பென்டர் லேனில், 1973 முதல் பேட்டைக்காரர்களே முறை வைத்து வேலை செய்து நடத்திவந்த கூட்டுறவுக் கடை ஒன்று வந்திருந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் கறுப்பும் வெளுப்புமாக இரண்டு பெண்கள் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேல்மாடி ஜன்னலில் யாரோ குழந்தையின் காகிதப் பறவையை ஒட்டி வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு வாசற்படியில், கடைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிழவராகிவிட்ட அந்தப் போர்மன் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தபால்காரர் மகள் டாக்டராகி அடுத்த தெருவிலேயே இருப்பதாகச் சொன்னார். பிறகு தம் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு விலை தாறுமாறாக ஏறிவிட்டதாம். தம் சொந்த மகனால் இங்கே ஒரு வீடு வாங்க முடியவில்லையாம். மதிப்பு ஏறியதால் வரியும் ஏறிவிட்டதாம். அந்த வருஷத்து வரிச் சீட்டை உள்ளே போய் எடுத்து வந்து எனக்குக் காட்டினார்.